கடலின் அபயக்குரல் இறங்கிய ஊர்

புனேயிலிருந்து நாசிக் போகும் சாலையில், நாராயண்காவ் பக்கத்தில் ஆர்வி என்றொரு கிராமம். திராட்சையும் தக்காளியும் விளைகிற பூமி. கடல், மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம். ஆனாலும் நடுக்கடலில் தத்தளித்த கப்பல்களின் அழைப்பு வந்து இறங்கியது இங்கேதான். 1970-களின் தொடக்கத்தில் விக்ரம் சாராபாய் பெயரில் செயற்கைக்கோள் தரை நிலையம் எழுந்த ஊர் இது. பின்னாளில் இன்மார்சாட் செயற்கைக்கோள்களுக்கான இந்தியத் தரை நிலையமும் இங்கேயே அமைந்தது. கப்பலில் ஆபத்துப் பொத்தானை அழுத்தியதும், செய்தி விண்ணுக்குப் போய், ஆர்விக்கு வந்து, மும்பையில் உள்ள கடலோரக் காவல் படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

1977-ல் தொடங்கிய இந்தப் படையின் மையங்களில் இரவு பகல் பாராமல், பண்டிகை நாளிலும் ஆட்கள் இருப்பார்கள். வி.எச்.எஃப். ரேடியோவின் 16-ஆம் சேனலில் மனிதக் குரல் வரும். 70-ஆம் சேனலில் டிஜிட்டல் அழைப்பு வரும். திரையில் கப்பலின் ஒன்பது இலக்க எண், அது நிற்கும் இடம், தீயா, தண்ணீர் புகுந்ததா என்ற விவரம் தெரியும். பணியில் இருக்கும் ரேடியோ ஆபரேட்டர் அதை நேரத்தோடு பதிவேட்டில் குறிக்க வேண்டும். அட்சரேகையில் ஒரு பாகை தவறினால் 60 கடல் மைல் தள்ளித் தேட வேண்டிவரும். இந்தியாவின் பொறுப்பில் உள்ள தேடல் பரப்போ 46 லட்சம் சதுர கிலோமீட்டர். நம் நிலப்பரப்பைவிடப் பெரிது. தத்தளித்தவரைத் தூக்கிக் கரைசேர்த்தவரின் படம் செய்தித்தாளில் வரும். அழைப்பைப் பிழையில்லாமல் குறித்தவரைப் பற்றி ஒரு வரிகூட வராது. அவர் செய்வதும் உயிர் காக்கும் பணிதான்.

ஆனால், எவ்வளவு விழிப்பாக இருந்தாலும் வந்து சேராத குரலை யாராலும் கேட்க முடியாது. வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போவது. பூமியின் வளைவைத் தாண்டி வெகுதூரம் எட்டாது. 2017-ல் ஒக்கி புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்த குமரி மீனவர்கள் பலருக்குக் கரையோடு தொடர்பே இல்லை. அந்தக் குறையைத் தீர்க்கவல்லது, இஸ்ரோ உருவாக்கிய டாட் என்னும் அபாய அறிவிப்புக் கருவி. செயற்கைக்கோள் வழியே அழைப்பை அனுப்பும். 2024-ல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவி, அழைப்பு கிடைத்துவிட்டது என்ற பதிலையும் படகுக்கே கொண்டுவந்து தரும்.

ஆழ்கடலுக்குப் போகிற எந்த விசைப்படகும் இந்தக் கருவி இல்லாமல் துறைமுகத்தை விட்டுக் கிளம்பக் கூடாது. கருவி வேலை செய்கிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்த்துக்கொள்ளுங்கள். கரையில் இருக்கும் குடும்பத்தாரும் கடலோரக் காவல் படையின் 1554 என்ற அவசர எண்ணை இன்றே செல்போனில் பதிந்து வையுங்கள்.