சயிக்கிளின் வேகமும் உருளற்றடையும்

பெல்பாஸ்ற்று நகரிலே மிருக வைத்தியராயிருந்த ஜோன் பொயிட் டன்லப், தம் மைந்தனது முச்சக்கர வண்டியின் திண்ம இறப்பர்ச் சில்லொன்றையும், காற்றடைத்த இறப்பர்க் குழாய் பொருத்திய மரவட்டொன்றையும் முற்றத்தில் உருட்டிப் பார்த்தார். முன்னது இடைவழியில் நின்றது. பின்னது முற்றத்தைக் கடந்து வாயிற்கதவில் மோதி மீண்டது. 1888ஆம் ஆண்டில் அவர் காப்புரிமை பெற்றார். (தொம்சன் என்பார் 1845இலேயே இதனைப் பெற்றிருந்தமையை அவர் அறிந்திலர்.)

திண்மச் சில்லை நிறுத்தியது யாது? நிலத்தைத் தொடுமிடத்தில் ரயர் நசுங்கி, அப்பால் மீண்டும் நிமிர்கின்றது. நசுக்குதற்குச் செலவான சத்தி முழுவதையும் இறப்பர் திருப்பித் தருவதில்லை, எஞ்சியது வெப்பமாகின்றது. இவ்விழப்பே உருளற்றடை. காற்றடைத்த ரயரிலோ நசுங்குவதிற் பெரும்பங்கு காற்றே. காற்று நல்ல கடனாளி, வாங்கியதை ஏறக்குறைய முழுவதுமாகத் தந்துவிடும்.

இனி, இத்தடை வேகத்தை எவ்வளவு குறைக்கும் என்பதைக் கணித்தறிவோம். ஓட்டுபவரும் வண்டியும் சேர்ந்து 80 கிலோகிராம் எனக் கொள்க. தடித்த சாதாரண ரயரில் உருளற்றடை ஏறக்குறைய 6 நியூற்றன்; சிறந்த ரயரில் 3 நியூற்றன். வேகம் கூடினும் இது பெரிதும் மாறாது. வளித்தடையோ வேகத்தின் வர்க்கத்துக்கு விகிதசமமாய் வளர்வது. நிமிர்ந்திருந்து மணிக்கு 18 கிலோமீற்றர் வேகத்திற் செல்பவரை அது ஏறக்குறைய 7.5 நியூற்றன் விசையாலும், 36 கிலோமீற்றரில் 30 நியூற்றன் விசையாலும் எதிர்க்கும்.

ஆகவே, அதே வலுவுடன் மிதித்து ரயரை மட்டும் மாற்றின், முன்னவர் வேகம் 18இலிருந்து ஏறக்குறைய 20 ஆகும்; பின்னவர் வேகம் 36இலிருந்து 37 ஆகும். பத்துக் கிலோமீற்றர் வழியில் முன்னவர்க்கு மூன்று நிமிடத்துக்கு மேல் மீதமாகும். பின்னவர்க்கு அரை நிமிடமே. நல்ல ரயரைப் பந்தயக்காரர்க்கே உரியதென எண்ணுவோர் பலர். கணக்கோ, கல்லூரிக்கு மெல்ல மிதித்து வரும் மாணவனுக்கே அதனாற் பயன் மிகுதி என்கின்றது. பந்தயக்காரர் அந்த அரை நிமிடத்தாலும் வெல்லக்கூடும் என்பது வேறு.

காற்றுக் குறைந்த ரயர் மிகுதியாய் நசுங்குமாதலின் தடை ஏறும். அதற்காக அமுக்கத்தை அளவின்றி ஏற்றுவதும் தவறு. கரடுமுரடான தெருவிலே கல்லென இறுகிய ரயர் ஒவ்வொரு மேட்டிலும் வண்டியையும் ஆளையும் தூக்கியெறியும். அதிர்வில் உடற்றசைகள் விழுங்கும் சத்தியும் மிதித்தவனுடையதே. ஒருகாலத்தில் 23 மில்லிமீற்றர் ரயரையே விரும்பிய தொழின்முறைப் பந்தயக்காரர், இன்று 28 மில்லிமீற்றர் அகலமுள்ளதை அமுக்கங் குறைத்துப் பயன்படுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.