விறைத்த விரல்களும் ஒரு மருத்துவரின் கணக்கும்

சமணக் காஞ்சி என வழங்கும் எங்கள் திருப்பருத்திக்குன்றத்தைச் சூழ்ந்த பகுதிகளில் பட்டுத் தறிகள் மிகுதி. நான் ஆசிரியப் பணியில் இருந்தபோது, நெசவாளர் வீட்டுச் சிறுமி ஒருத்தி காலைப் பாடவேளையில் எழுதாமலே அமர்ந்திருப்பாள். நண்பகலிலோ அழகாக எழுதுவாள். சோம்பல் என்றெண்ணிப் பலமுறை கடிந்துகொண்டேன். வீங்கிய அவள் விரல் மூட்டுகளைப் பிறகே கண்டேன். அந்த வருத்தமே இன்று என்னைப் பேசத் தூண்டுகிறது.

முடக்குவாதம் என்பது யாது? கிருமிகளை எதிர்க்கவேண்டிய உடலின் காவற்படை, நெறி தவறி, மூட்டின் உள்ளுறையையே தாக்குவதாம். மூட்டு வீங்கும், நாளடைவில் குருத்தெலும்பும் எலும்பும் அரிக்கப்படும். தேய்மானத்தால் வரும் வலி உழைக்க உழைக்க மிகும்; முடக்குவாத விறைப்போ ஓய்ந்திருந்தபின் காலையில் மிகுந்து, அசைய அசையத் தளரும். சிறுவர்க்கு வரும் மூட்டழற்சி வேறு வகையினது. ஆயினும் காலை விறைப்பு அதிலும் உண்டு.

நம் நாட்டில் இந்நோயாளர் எத்தனை பேர்? மருத்துவமனைக்கு வருவோரை மட்டும் எண்ணினால் விடை கிடைக்காது. தில்லியிலுள்ள அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்தின் பேராசிரியர் ஆனந்த் நாராயண் மாளவியா இதற்கு விடை தேடினார். நோயாளரைக் கவனித்தலும் மாணவரை மூட்டுநோய் வல்லுநராக்குதலும் ஆராய்தலும் அவருக்கு ஒரே தொண்டின் மூன்று கூறுகள். தில்லியை அடுத்த சிற்றூர்களில் பயிற்சி பெற்ற பணியாளர் வீடுதோறும் சென்று 39,826 பேரை விசாரித்தனர். ஐயத்திற்குரியோர் 3,393 பேர். அவர்களுள் நோய் உறுதியானோர் 299 பேர். அதாவது 0.75 விழுக்காடு, ஆயிரவரில் ஏழெட்டுப் பேர்! 1993-இல் வெளியான இக்கணக்கு, முன்னேறிய நாடுகளின் அளவை ஏறத்தாழ ஒத்திருந்தது.

இவ்வெண்களின் பொருள் என்ன? ஒரு சிற்றூரிலும், ஒரு தறிக்கூடத் தெருவிலும் இந்நோயாளர் இருக்கக்கூடும் என்பதே. தொடக்கத்திலேயே கண்டறிந்தால் மூட்டுச் சிதைவைப் பெரிதும் தடுக்கலாம். இன்று முதன்மையாக வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் வாரம் ஒருமுறை மட்டும், மருத்துவர் மேற்பார்வையில் உட்கொள்ளவேண்டிய மருந்து. நாள்தோறும் உண்டால் உயிருக்கே ஊறு நேரும்.

ஆகவே, உங்கள் அன்னையோ பாட்டியோ காலையில் குவளையைப் பற்ற இயலாது வருந்தினால், முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். உடன் பயிலும் தோழன் காலையில் எழுத இயலாது தவித்தால் நகைக்காதீர்கள்; அவன் விரல்களைப் பாருங்கள். நான் பார்க்கத் தவறியது அதுவே.