சரக்கு வண்டிக்கு எந்த பிரேக் ஆயில்?

கடைக்குச் சரக்கு எடுத்துவரவும், வாடிக்கையாளர் வீடுகளில் கொண்டு சேர்க்கவும் நம் வணிகர்களில் பலர் சொந்தமாகச் சிறு வேன் வைத்திருக்கிறோம். டீசலுக்கும் டயருக்கும் கணக்குப் பார்க்கும் நாம், பிரேக் ஆயிலை மட்டும் மெக்கானிக் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். (காற்று பிரேக் உள்ள பெரிய லாரிகளுக்கு இது பொருந்தாது.)

மிதியை அழுத்தும் விசையைச் சக்கரம் வரை கொண்டு செல்வது இந்த ஆயில்தான். திரவம் அழுத்தினால் சுருங்காது, ஆவி சுருங்கிவிடும். பிரேக் அளவுக்கு மீறிச் சூடேறி ஆயில் கொதித்தால், மிதி தரைவரை இறங்கும், வண்டி நிற்காது.

ஆயிலின் தரத்தை டாட் 3, டாட் 4, டாட் 5.1 என்று குறிப்பார்கள். புதிதாக இருக்கையில் இவை முறையே குறைந்தது 205, 230, 260 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்க வேண்டும். ஆனால் மழைக்காலத்தில் கல்உப்பு கசிவதுபோல் இந்த ஆயில்களும் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். சுமார் 3.7 சதவீதம் நீர் சேர்ந்தபின் அவற்றுக்கு விதித்துள்ள குறைந்த அளவு 140, 155, 180 டிகிரிதான். நாள்தோறும் ஓடும் வண்டிக்கு இந்த இரண்டாவது எண்ணே முக்கியம்.

பந்தயக் கார்களுக்கான ஆயில் சில 300 டிகிரிக்கு மேலும் தாங்கும். அதையே வாங்கினால் என்ன? இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் போன்ற இடங்களில் ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கை ஓங்கி அழுத்துகிறார்கள். அது ஆற நேரமில்லை. எனவே விலை கூடிய ஆயிலை ஊற்றி, அடிக்கடி மாற்றியும் விடுகிறார்கள். மாதக்கணக்கில் ஒரே ஆயிலில் ஓடும் நம் வேனுக்கு அந்தச் செலவு வீண்.

அதற்காக அலட்சியமும் கூடாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையில், மிளகு மூட்டைகளுடன் பிரேக்கை மிதித்தபடியே இறங்கும் வேனுக்கும் பிரேக் ஆற நேரமில்லை. குறைந்த கியரில் இறங்குவதே முதல் பாதுகாப்பு. அடுத்து கவனிக்க வேண்டியவை:

1. வண்டியின் கையேட்டில் சொன்ன தரத்துக்குக் குறைந்ததை ஊற்ற வேண்டாம்.

2. டாட் 5 என்பது சிலிக்கான் ஆயில்; டாட் 5.1 வேறு. இரண்டையும் கலக்கவே கூடாது.

3. மூடி திறக்காத சிறு டப்பாவாக வாங்குங்கள். மீந்ததை அடுத்த ஆண்டுக்கு எடுத்து வைக்காதீர்கள்.

4. குறைந்த அளவுக்கு மேலே ஊற்றுவது, மாற்றியதாகாது. பல கையேடுகள் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பழையதை முழுவதும் வெளியேற்றச் சொல்கின்றன.

கடைசியாக எப்போது மாற்றினோம் என்று இன்றே பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். வண்டி நம்முடையதுதான்; அதை ஓட்டிச் செல்பவர் இன்னொரு வீட்டுப் பிள்ளை.