தட்டு சுற்றுகிறது, கை அசையவில்லை

ஆப்பிள் நிறுவனம் 1990இல் அறிமுகப்படுத்திய மேக்கின்டாஷ் கிளாசிக், எல்சி, ஐஐஎஸ்ஐ கணினிகள் பலவற்றில் குவாண்டம் நிறுவனத்தின் புரோடிரைவ் வகை ஹார்ட் டிஸ்க் இருந்தது. கொள்ளளவு 40 மெகாபைட், மிஞ்சினால் 80. அப்படியொரு கணினியைப் பரணிலிருந்து இறக்கி மின்சாரம் கொடுத்தால் பல நேரம் நடப்பது இதுதான்: டிஸ்க் சுழலும் இரைச்சல் சீராக எழும். அடுத்து வரவேண்டிய கடகட ஒலி வராது. கொஞ்ச நேரத்தில் திரையில் ஒரு ஃபிளாப்பிப் படம், அதன் மேல் மினுக்கும் கேள்விக்குறி. டிஸ்க் போய்விட்டது என்று பலரும் அதைக் கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அப்படி எறியப்படும் டிஸ்க்குகளில் எழுதிய தகவல் பெரும்பாலும் அப்படியே இருக்கிறது. கெட்டுப்போனது ஒரு சின்ன ரப்பர் துண்டு மட்டுமே. ஆகவே அவற்றைத் திறந்து பார்ப்பது நியாயமான செயல் என்பது என் வாதம்.

மூடியைக் கழற்றினால் கண்ணாடி போல் பளபளக்கும் தட்டும், அதன்மீது நீளும் ஒரு கையும் தெரியும். கையின் நுனியில்தான் படிக்கவும் எழுதவும் செய்யும் ஹெட். மறுமுனையில் செப்புக் கம்பிச் சுருள். அது வலுவான காந்தங்களுக்கு இடையே அசைந்து கையை நகர்த்துகிறது. கை எல்லை தாண்டிப் போய் மோதாதிருக்க அங்கே ரப்பர் தடுப்பு வைத்திருக்கிறார்கள். டிஸ்க் ஓயும்போது கை அந்தத் தடுப்பில் சாய்ந்து நிற்கும். 30 ஆண்டுகளுக்கு மேலானதும் அந்த ரப்பர் இளகிக் கருநிறப் பசையாகிறது, கையைப் பிடித்துக்கொள்கிறது. சுருளின் இழுவிசை அந்தப் பிடியை விடுவிக்கப் போதவில்லை. தட்டு சுற்றுகிறது, மின்னணுப் பலகை வேலை செய்கிறது, ஹெட் மட்டும் ஓய்விடத்தைவிட்டு நகர்வதில்லை.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் இன்னொரு நோயும் உண்டு. 1980களின் பிற்பகுதியில் வந்த சீகேட் டிஸ்க்குகள் சிலவற்றில் ஹெட் நேரடியாகத் தட்டோடு ஒட்டிக்கொள்ளும். ஐபிஎம் 1973இல் கொண்டுவந்த வின்செஸ்டர் முறையில், டிஸ்க் நின்றதும் ஹெட் தட்டின்மேலேயே இறங்கி உட்காரும். அதற்காகத் தட்டில் மசகு பூசியிருப்பார்கள். இரண்டு பரப்பும் மிக வழவழப்பாகி, நடுவே ஈரமோ மசகோ சேர்ந்தால், நனைந்த இரு கண்ணாடிச் சில்லுகளைப் போல் ஒன்றையொன்று விடாது. இங்கே மோட்டாரே சுழலாது. சுழலும் இரைச்சல் கேட்கிறதா இல்லையா என்பதை வைத்து எது எந்த நோய் என்று முதலில் பிரித்தறிய வேண்டும். ஒட்டிய தட்டை, டிஸ்க்கை அதன் அச்சைச் சுற்றி வெடுக்கென்று திருப்பியோ, மெல்ல வெப்பமூட்டியோ விடுவிப்பார்கள். பசை பிடித்த கைக்கு இந்த வைத்தியம் எதையும் செய்யாது.

ஹார்ட் டிஸ்க்கைத் தூசியில்லா ஆய்வகத்துக்கு வெளியே திறக்கவே கூடாது என்பது வலுவான ஆட்சேபம். அதில் உண்மை இருக்கிறது. ஓடும் தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடையிலான காற்றிடைவெளி அந்தக் காலத்திலேயே ஒரு மைக்ரானுக்கும் குறைவு. கண்ணுக்குத் தெரியாத தூசி கூட அதைவிடப் பெரிது. பழைய டிஸ்க் தூசியைத் தாங்கும் என்று சொல்லி இந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் எவ்வளவு நேரம் தாங்க வேண்டும் என்பதைக் கணக்கிட வேண்டும். நொடிக்கு அரை மெகாபைட் என்ற மந்தமான வேகத்தில் படித்தாலும் 40 மெகாபைட்டை 80 நொடியில் படித்துவிடலாம். தடங்கல் வந்தாலும் சில நிமிடம்தான். இன்றைய 1 டெராபைட் டிஸ்க்கை நொடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் படிக்க ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும்; அதில் ஹெட் மிதக்கும் உயரமோ சில நானோமீட்டர். புதிய டிஸ்க்குக்கு அந்தத் தடை சரியே, மீறவே கூடாது. பழைய டிஸ்க்கைத் திறப்பது அதை இன்னும் 10 ஆண்டு ஓட்டுவதற்கல்ல. அந்தச் சில நிமிடங்களுக்காகத்தான்.

எஸ்டி கார்டை வைத்துப் பழைய டிஸ்க்கைப் போலவே இயங்கும் பலகைகள் விற்கின்றனவே, எதற்கு இந்தப் பாடு என்றும் கேட்கலாம். அவை கணினியைப் பிழைக்க வைக்கும். ஒருவர் அதில் தட்டச்சிட்ட கடிதங்களையும், வேறெங்கும் பிரதி இல்லாத மென்பொருளையும் திருப்பித் தராது. அதே மாதிரி டிஸ்க் இன்னொன்று வாங்கி உதிரிபாகம் எடுக்கலாம் என்றால், பெட்டி பிரிக்காமல் வைத்திருந்ததிலும் அதே வயது ரப்பர்தான் இருக்கும். உள்ளே இருப்பது விலைமதிப்பற்றது என்று உறுதியாகத் தெரிந்தால் தொழில்முறை மீட்பகத்திடம் கொடுப்பதே மேல். ஆனால் அந்தச் செலவுக்கு யாரும் முன்வராத டிஸ்க்குகளே அதிகம். அவற்றின் முன்னுள்ள மாற்று குப்பைத்தொட்டிதான்.

வேலையின் வரிசை முக்கியம். மின்விசிறியை நிறுத்தி, துடைத்த மேசையில் மூடியைத் திறக்க வேண்டும். மின்சாரம் கொடுத்துத் தட்டு முழுவேகம் பிடித்தபின், அதாவது ஹெட் காற்றில் மிதக்கும்போது, சுருள் பக்கமாகக் கையைப் பிளாஸ்டிக் குச்சியால் லேசாகத் தள்ள வேண்டும். ஹெட்டையோ தட்டையோ தொடவே கூடாது. நின்ற தட்டில் கையை இழுத்தால் பரப்பு கீறிவிடும். பிடி விட்டதும் கை தானாகத் துள்ளி நகரும், அந்தக் கடகட ஒலி வரும். உடனே மூடியை மேலே வைத்துவிட்டு, கோப்பு கோப்பாகப் பொறுக்காமல் டிஸ்க் முழுவதையும் ஒரே பிம்பமாகப் படியெடுக்க வேண்டும். டிஸ்க்கை அணைத்தால் கை மறுபடி பசையில் போய் ஒட்டும் என்பதால், பிரதி சரியாக இருக்கிறதென்று சோதிக்கும்வரை அணைக்கக் கூடாது. பசையைச் சுரண்டி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, ரப்பர் தடுப்பின் இடத்தில் அதே பருமனில் புதிய குழாய்த் துண்டைச் செருகும் வேலையெல்லாம் அதற்குப் பிறகுதான்.