'அவுட்ஷைன்' சொல்லுக்குள் ஒரு 'விட'

ஒன்பதாம் வகுப்பு ஆங்கில விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒரே பிழை பல தாள்களில் தென்பட்டது: 'ஷீ அவுட்ஷோன் தேன் அதர்ஸ்'. ஒரகடம் அருகிலுள்ள எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இதைக் கவனக்குறைவால் எழுதவில்லை. தமிழில் நினைத்து எழுதியிருக்கிறார்கள். 'மற்றவர்களைவிட நன்றாக ஒளிர்ந்தாள்' என்பதிலுள்ள 'விட' என்ற சொல்தான் அங்கே 'தேன்' ஆகியிருக்கிறது.

இந்தப் பிழையைத் தமிழைக் கொண்டே திருத்தலாம். 'அண்ணனை விஞ்சினாள்' என்கிறோம். 'அண்ணனைவிட விஞ்சினாள்' என்பதில்லை. ஒப்பீடு 'விஞ்சு' என்ற வினைக்குள்ளேயே இருக்கிறது. 'அவுட்ஷைன்' என்பதும் அப்படித்தான். ஓட்டத்தில் முந்துவது 'அவுட்ரன்', எண்ணிக்கையில் மிஞ்சுவது 'அவுட்நம்பர்'. இவற்றுக்குப் பின் 'தேன்' வேண்டாம். செயப்படுபொருள் நேராக வரும். 'ஷீ அவுட்ஷோன் ஹெர் பிரதர்' என்பதே சரி.

இதனோடு 'எக்லிப்ஸ்' என்ற சொல்லையும் சேர்த்துக் கற்பித்தேன். அறிவியல் பாடத்தில் அது கிரகணம் என்னும் பெயர்ச்சொல். ஆங்கிலத்தில் வினையாகவும் வரும். 'அவுட்ஷைன்' என்றால் இருவரும் ஒளிர்கிறார்கள், ஒருவர் கூடுதலாக ஒளிர்கிறார். 'எக்லிப்ஸ்' என்றால் மற்றவர் பார்வையிலிருந்தே மறைந்துபோகிறார். அதன் கிரேக்க மூலச்சொல்லுக்குத் 'தோன்றாமல் போதல்' என்ற பொருளும் உண்டு.

எடுத்துக்காட்டுக்கு வெகுதூரம் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா தொழிற்சாலை 2006இல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நிறுத்தியது. ஆலை மூடப்பட்டதற்கு வரி வழக்கு முதலான காரணங்களும் உண்டு. ஆனால் உலகச் சந்தையில் நடந்ததை 'ஸ்மார்ட்போன்ஸ் எக்லிப்ஸ்ட் நோக்கியா' என்று ஒரே வரியில் சொல்லலாம். இன்று அதே வட்டாரத்தில் ஐபோன்கள் தயாராகின்றன என்றதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது. 'அப்போ இதையும் ஒண்ணு எக்லிப்ஸ் பண்ணுமா மிஸ்?' என்று ஒரு மாணவி கேட்டாள். வினைச்சொல் அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்தப் பாடத்தில் நானும் ஒன்று கற்றேன். முன்பொரு முறை ஒரு மாணவியின் மதிப்பெண் அட்டையில், வகுப்பில் எல்லாரையும் 'அவுட்ஷைன்' செய்கிறாள் என்று பாராட்டி எழுதியிருந்தேன். அதைப் படித்த அவள் தோழி, 'அப்போ நாங்க மிஸ்?' என்றாள். அன்று எனக்குப் பதில் வரவில்லை. இந்த வினையால் ஒருவரைப் பாராட்டினால் இன்னொருவர் தாழ்ந்தே தீர வேண்டும். அதன் இலக்கணமே அது.

இப்போது இச்சொல்லைக் கற்பிக்கும்போது மாணவர்களுக்கு ஒரு பயிற்சி தருகிறேன். சென்ற மாதத் தன்னையே செயப்படுபொருளாக வைத்து ஒவ்வொருவரும் ஒரு வாக்கியம் எழுத வேண்டும். யாரும் 'தேன்' போடுவதில்லை. மதிப்பெண் அட்டையில் நானும் அப்படித்தான் எழுதுகிறேன்.