வலி என்னும் காவலன்: கருவிழி நரம்புகளும் கண் நோய்த்தொற்றும்

தறியில் அமர்ந்திருப்பவரின் கண்ணில் சரிகைத் துணுக்குப் பட்டாலும், களத்தில் நெல் தூற்றுபவரின் கண்ணில் உமி விழுந்தாலும் முதலில் தோன்றுவது வலியே. இமை தானே மூடிக்கொள்கிறது, நீர் பெருகுகிறது, வெளிச்சத்தைப் பார்க்க இயலவில்லை. இவ்வலியை நாம் பகையாகவே எண்ணுகிறோம். உண்மையில் அது கருவிழியின் காவலன். அக்காவலன் உறங்கிவிட்டால் என்ன நேரும் என்பதை நோயாளர்களும் அவர்தம் குடும்பத்தாரும் அறிந்திருத்தல் நலம் எனக் கருதி இதனை எழுதுகிறோம்.

நரம்புகள் செய்யும் பணி

கருவிழி, கண்ணின் முன்புறத்தில் உள்ள ஒளி ஊடுருவும் படலம். அதன் நடுப்பகுதி ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன் கொண்டது. ஒளி தடையின்றிச் செல்லும்பொருட்டு அதில் இரத்தக் குழாய்கள் இல்லை. ஆகவே, கிருமிகளை எதிர்க்கும் வெள்ளணுக்கள் கருவிழியின் விளிம்பிலிருந்தும் கண்ணீரிலிருந்துமே வந்து சேரவேண்டும். இரத்தக் குழாய்கள் இல்லாத இவ்விடத்தில் நரம்புகளோ மிகுதி. முகத்தின் உணர்ச்சிகளைச் சுமக்கும் முக்கிளை நரம்பிலிருந்து பிரிந்து வரும் இழைகள், தோலில் உள்ளதைவிடப் பல நூறு மடங்கு நெருக்கமாக இங்கே பரவியுள்ளன.

இவற்றின் பணிகள் மூன்று. முதலாவது, எச்சரித்தல். தூசு பட்டவுடன் இமைக்கச் செய்து, கிருமிகளைத் தாக்கும் லைசோசைம், லாக்டோஃபெரின் ஆகியவை நிறைந்த கண்ணீரைச் சுரக்கச் செய்கின்றன. இரண்டாவது, ஊட்டம் அளித்தல். நரம்பு முனைகள் வெளியிடும் பொருள்களின் துணையால் மேற்புறச் செல்கள் பெருகி நகர்ந்து காயத்தை மூடுகின்றன. மூன்றாவது, எதிர்ப்பாற்றலைச் சமன் செய்தல். நரம்பு முனைகளிலிருந்து வரும் 'சப்ஸ்டன்ஸ் பி' என்னும் பொருள் அழற்சியைத் தூண்டி வெள்ளணுக்களை அழைக்கிறது. 'சிஜிஆர்பி' என்னும் மற்றொன்று பெரும்பாலும் அழற்சியை அடக்குகிறது. அழற்சி குறைந்தால் கிருமி பரவும். மிகுந்தால் கருவிழியே கரைந்து தழும்பாகும். இரண்டுமே பார்வையைக் கெடுக்கும்.

காயமே வாயில்

மதுரையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணுடன் வந்த 434 பேரை மருத்துவர்கள் ஆராய்ந்தனர். அவர்களுள் ஏறத்தாழ மூவரில் இருவருக்குப் புண் தோன்றுமுன் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி கண்டறியப்பட்டவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் ஏறக்குறைய சம அளவில் காணப்பட்டன. சிறு கீறல்தான் கிருமி நுழையும் வாயில் என்பதை இது காட்டுகிறது. அவ்வாயில் விரைவில் மூடுவதற்கு நரம்பின் நலம் இன்றியமையாதது.

வலியற்ற புண்

ஹெர்பிஸ் வைரஸ், முகத்தில் வரும் அக்கி, நீரிழிவு, தொழுநோய், சில அறுவை சிகிச்சைகள் ஆகியவற்றால் கருவிழியின் உணர்வு குன்றக்கூடும். ஹெர்பிஸ் வைரஸ் முக்கிளை நரம்பின் முடிச்சில் மறைந்திருந்து மீண்டும் மீண்டும் தலைதூக்கும்; தாக்குதல்கள் தொடருமாயின் உணர்வு மேலும் குறையும். அத்தகைய கண்ணில் புண் பெரிதானாலும் வலி தோன்றாது. "வலி இல்லை, ஆறிவருகிறது" என்று வீட்டில் காத்திருந்து, பார்வை மங்கிய பின்னரே வருவோர் உண்டு. அதனால்தான் மருத்துவர், சொட்டு மருந்து இடுமுன் பஞ்சுத் திரியின் நுனியால் கருவிழியை மெல்லத் தொட்டு உணர்வைச் சோதிக்கிறார்.

இதன்பொருட்டே மற்றொன்றையும் வலியுறுத்துகிறோம். பரிசோதனையின்போது இடப்படும் மரப்புச் சொட்டை வீட்டில் இட்டுக்கொள்ளுதல் கூடாது. அது வலியை மறைப்பதோடு காயம் ஆறுவதையும் தடுத்துக் கருவிழியை அழிக்கும். மருத்துவர் கூறாமல் ஸ்டீராய்டு சொட்டு இடுதலும் தீங்கானது. பூஞ்சைப் புண்ணை அது வளர்த்துவிடும். தாய்ப்பால், பச்சிலைச் சாறு ஆகியவற்றையும் கண்ணில் விடாதீர்கள்.

சிகிச்சை

முதலில் கிருமி ஒழிக்கப்படும். உணர்வு குன்றிய கண்ணுக்குப் பதப்பொருள் கலவாத செயற்கைக் கண்ணீர், இமைகளின் ஒரு பகுதியைத் தைத்தல், பனிக்குடச் சவ்வை ஒட்டுதல் ஆகியவை உதவும். நரம்பு வளர்ச்சிப் புரதம் கொண்ட சொட்டு மருந்துக்கு அமெரிக்காவில் 2018இல் ஒப்புதல் கிடைத்தது. எனினும், சிதைந்த நரம்பு மீண்டும் வளர மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் ஆகும். முழுமையாக வளராமலும் போகலாம். ஆகவே, கண் அமைதியாகத் தோன்றினாலும் குறித்த நாளில் வந்து காட்டுங்கள்.

நம் திருப்புட்குழியின் தலவரலாறு சடாயுவைப் பற்றியது. சிறகு வெட்டுண்ட பின்னும் இராமனிடம் செய்தியைச் சேர்ப்பிக்கும்வரை அப்பறவை உயிர் தாங்கியிருந்தது. கருவிழி நரம்பும் அத்தகைய தூதனே. கண்ணில் வலி, சிவப்பு, வெண்புள்ளி, பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே வாருங்கள். நீரிழிவு உள்ளவர்களும் முன்பு ஹெர்பிஸ் தாக்கியவர்களும் வலிக்காகக் காத்திராமல், சிவப்பைக் கண்டவுடனே வாருங்கள்.