சாப்ட்னர் கழிவுநீரை எங்கே விடுவது?

கல் உப்பை மூட்டையாகக் கேட்டு வருகிற வாடிக்கையாளர்களை நாம் இப்போது அடிக்கடி பார்க்கிறோம். ஊறுகாய்க்கும் அல்ல, கருவாட்டுக்கும் அல்ல. வீட்டில் மாட்டியிருக்கும் வாட்டர் சாப்ட்னருக்காக. உப்பைக் கொடுத்துக் காசு வாங்கிப் போட்டதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிடலாம். ஆனால் "அண்ணாச்சி, இதிலிருந்து வருகிற கழிவுத் தண்ணீர் டியூபை எங்கே சொருகுவது?" என்று கேட்பவருக்கு நாலு வார்த்தை சொல்லத் தெரிந்திருந்தால் நல்லது. நம்மில் சிலர் வீட்டிலேயே இந்தக் கருவி இருக்கிறது.

கருவிக்குள் இருப்பவை ரெசின் என்னும் சிறு மணிகள். போர் தண்ணீரில் உள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் இவை பிடித்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. பண்டமாற்று வியாபாரம்தான். மணிகளின் கையிருப்புத் தீர்ந்ததும் உப்புக் கரைசலைச் செலுத்திப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் கீழிருந்து மேலாகத் தண்ணீர் விட்டு அழுக்கை நீக்குவது, அடுத்து உப்புக் கரைசல், கடைசியில் அலசல். மூன்று கட்டத்துத் தண்ணீரும் ஒரே டியூப் வழியாக வெளியே வருகிறது.

இங்கே நம் பாணியில் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 25 லிட்டர் ரெசின் உள்ள கருவிக்கு ஒரு தடவைக்குச் சுமார் 3 கிலோ உப்பு. நாலு நாளைக்கு ஒரு தடவை என்றால் வருஷத்துக்கு 90 தடவை, 270 கிலோ. அதாவது 50 கிலோ மூட்டை ஐந்துக்கு மேல்! சோடியத்தில் ஒரு பகுதி வீட்டுத் தண்ணீரோடு போகும். உப்பில் உள்ள குளோரைடு ஏறக்குறைய முழுவதும் அந்த டியூப் வழியாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே டியூபின் முனை எங்கே இருக்கிறது என்பது சின்ன விஷயமல்ல.

பாதாள சாக்கடை உள்ள ஊரில் அதில் விடுவதே முறை. இல்லாத இடத்தில் செப்டிக் டேங்கில் விடுகிறார்கள். அதிலுள்ள நுண்ணுயிர்களை உப்பு கெடுக்குமா என்பதில் இரண்டு கட்சி உண்டு. ஆனால் செப்டிக் டேங்க் உப்பைப் பிரிக்காது என்பதில் இரண்டு கருத்தில்லை. உறிஞ்சு குழி வழியே அது மண்ணுக்குள் போய்த்தான் தீரும். பக்கத்தில் கிணறோ போரோ இருந்தால் யோசிக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் மோசம், மழைநீர்க் குழியில் விடுவது. தமிழ்நாட்டில் 2003-ல் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது முதல் வீட்டுக்கு வீடு குழி இருக்கிறது. "சும்மா கிடக்கிற குழிதானே" என்று சில பிளம்பர்கள் டியூபை அதில் இறக்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். நிலத்தடிக்கு நல்ல நீர் ஊட்ட வெட்டிய குழியில் வருஷத்துக்கு ஐந்து மூட்டை உப்பைக் கொட்டினால், கெடுவது நம் கிணறு மட்டுமல்ல, அண்டை வீட்டார் கிணறும்தான். தோட்டத்தில் விட்டால் கறிவேப்பிலையும் ரோஜாவும் கருகிவிடும். அமெரிக்காவில் கலிபோர்னியாவின் சான்டா கிளாரிட்டா பகுதியில் ஆற்றில் குளோரைடு ஏறியதால், இப்படி உப்பு வெளியேற்றும் கருவிகளை வீடுகளிலிருந்து அகற்ற 2008-ல் வாக்கெடுப்பு நடத்தியே முடிவு செய்தார்கள்.

அடுத்தது இணைக்கும் முறை. டியூபைச் சாக்கடைக் குழாய்க்குள் சொருகிச் சிமெண்டு பூசி அடைப்பது பெரும் தவறு. சாக்கடை அடைத்து மேலேறும்போது டியூபின் முனை அழுக்கில் மூழ்கிவிடும். அந்நேரம் குழாயில் தண்ணீர் வற்றி உறிஞ்சல் ஏற்பட்டால் அந்த அழுக்கு கருவிக்குள்ளேயே திரும்பி வரலாம். குளிப்பதும் பாத்திரம் கழுவுவதும் அந்தத் தண்ணீரில்தானே! ஆகவே முனைக்கும் சாக்கடை வாய்க்கும் நடுவே காற்று இடைவெளி வேண்டும்: டியூப் விட்டத்தைப் போல் இரண்டு மடங்கு, எப்படியும் ஒரு அங்குலத்துக்குக் குறையாமல். அரை அங்குல டியூபுக்கு ஒரு அங்குலம். தண்ணீர் வேகமாக வரும்போது டியூப் துள்ளும். கிளாம்பு போட்டுச் சுவரோடு இறுக்க வேண்டும். நாற்றம் மேலே வராதபடி, தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப் உள்ள வாயில்தான் விட வேண்டும்.

உப்புத் தொட்டி நிரம்பி வழிந்தால் வெளியேற அதற்குத் தனி டியூப் உண்டு. செலவு மிச்சம் என்று இரண்டையும் 'டி' போட்டு ஒன்றாக்கக் கூடாது. பெரிய டியூபில் தண்ணீர் அழுத்தத்தோடு வருகிறது, அது உப்புத் தொட்டிக்குள் திரும்பும். தொட்டியின் டியூபில் அழுத்தமே கிடையாது. அது இறக்கமாகவே போக வேண்டும். பெரிய டியூபில் வால்வும் வைக்கக் கூடாது, மடங்கவும் விடக் கூடாது. வழி அடைபட்டால் அலசல் சரியாக நடக்காமல் வீட்டுக் குழாயில் தண்ணீர் உப்புக் கரிக்கும்.

பொருத்தியதும் ஒரு சோதனை. முனையை வாளியில் விட்டு, நிரம்ப எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். பிறகு அதே வேகத்தில் ஐந்து நிமிடம் சாக்கடை வாயில் விட்டுப் பாருங்கள். தண்ணீர் தேங்கினால் அந்த வாய் போதாது. வேறு இடம் பார்க்க வேண்டும்.

கையால் திருப்பும் வால்வு உள்ள கருவியானால், முதல் கட்டத்தில் வரும் தண்ணீரைப் பிடித்து வாசல் கழுவவும் கக்கூஸுக்கும் பயன்படுத்தலாம். அதில் இன்னும் உப்புச் சேரவில்லை. இரண்டாம் கட்டம் தொடங்குமுன் டியூபை மறுபடி சாக்கடை வாய்க்கு மேலே அதே கிளாம்பில் மாட்டிவிட வேண்டும்.